துருவைக் கொண்டு துருவைத் தடுத்த கலை: இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கியின் குழற்பாதுகாப்பு வளர்ந்த வரலாறு

1. ஆராய்ச்சியின் பொருளும் எல்லையும்

தண்டவாளமோ பாலத்தின் உத்திரமோ மேற்பரப்பில் சிறிது துருவேறியதனால் உடனே வலிமை குன்றிவிடுவதில்லை. ஆனால் தோளில் தாங்கிச் சுடுவதற்கென்று அமைந்த வேட்டைத் துப்பாக்கியின் குழலோ, சுமை குறைய வேண்டும் என்னும் காரணத்தால், தன் மெல்லிய பகுதியில் ஏறத்தாழ அங்குலத்தின் நாற்பதில் ஒரு பங்கு கனமே உடையதாக இழைக்கப்படுகிறது. அவ்வளவு மெல்லிய உலோகம் ஒவ்வொரு வெடிப்பின்போதும் உள்ளே பிறக்கும் வாயுவின் அழுத்தத்தைத் தாங்குவதோடு, மழையையும் பனியையும் சதுப்பு நிலத்தின் ஈரத்தையும் வேட்டைக்காரனுடைய கையின் வியர்வையையும் தாங்கியாக வேண்டும். ஆதலின் அதன்மேல் படரும் துரு அழகைக் கெடுப்பதோடு நில்லாமல் ஆயுளையும் குறைக்கிறது. துருவினால் உட்புறத்தில் விழுந்த குழிகளைக் கடைந்து போக்கினால் உள்விட்டம் விரியும். 12-ஆம் எண் துப்பாக்கிக்குரிய 0.729 அங்குலம் என்னும் அளவை அது ஒரு வரம்புக்கு மேல் கடந்துவிடுமானால், பழைய சோதனை முத்திரையின் செல்லுபடி நீங்கி, குழல் மீண்டும் சோதனைக்கு உட்பட வேண்டியதாகும். 1637-இல் அரச சாசனம் பெற்ற லண்டன் துப்பாக்கித் தொழிலாளர் சங்கமும், 1813-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் நிறுவப்பெற்ற பர்மிங்காம் சோதனைச் சாலையும் இத்தகைய முத்திரையிடும் அதிகாரம் பெற்றவை. ஆகவே, துருவைத் தடுப்பது உரிமையாளனுடைய பாதுகாப்பையே சார்ந்த விஷயமாயிற்று.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி தொடங்கி இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி ஈறாக, இங்கிலாந்தின் இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கியை மையமாகக் கொண்டு, குழலை ஈரத்திலிருந்து காக்கும் முறைகள் வளர்ந்த வரலாற்றை ஆராய்வதே இக் கட்டுரையின் நோக்கம். அவ் வரலாறு, அறியாமையிலிருந்து அறிவை நோக்கி நேராகச் சென்ற ஒரு பாதை அன்று. துப்பாக்கியின் வேறோர் உறுப்பிலோ மருந்திலோ நிகழ்ந்த ஒவ்வோர் அபிவிருத்தியும் குழலுக்கு ஒரு புதிய ஆபத்தைக் கொணர்ந்ததும், அதற்கு முன்பு நன்கு பயன்பட்ட பாதுகாப்பு முறை அப் புதிய ஆபத்தின் முன்னே பயனற்றுப் போனதும், புதிய முறை கைகூடும் வரையில் பல தலைமுறைக் குழல்கள் அழிந்ததுமே அவ் வரலாற்றின் உண்மையான போக்காகும்.

2. வெண்குழலும் பழுப்புக்குழலும்

பதினெட்டாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பிரிட்டிஷ் காலாட்படையின் துப்பாக்கிக் குழல்கள் எவ்வித மேற்பூச்சும் இல்லாமல் வெள்ளையாக மெருகிடப்பட்டிருந்தன. மெருகிட்ட வெற்றிரும்பு ஓர் இரவுப் பனியிலேயே செம்மை படரும் இயல்புடையது; அதனைப் போக்குதற்குச் செங்கற்பொடியும் குருந்தத் தூளும் கொண்டு ஓயாது தேய்ப்பது சிப்பாயின் கடமைகளுள் ஒன்றாக இருந்தது. அணிவகுப்புக்கு அழகூட்டிய அத் தேய்ப்பு, ஆண்டுகள் செல்லச் செல்லக் குழலின் கனத்தையே குறைத்தது. துரு அரித்த இரும்பைவிடத் துருவைப் போக்கப் புகுந்த கை அரித்த இரும்பு மிகுதி என்று சொல்லுதல் மிகையாகாது. வேட்டைக்காரனுக்கோ மற்றொரு தொல்லையும் இருந்தது. வெயிலில் மின்னும் குழலைத் தொலைவிலேயே கண்டு பறவைகள் எழுந்துவிடும்.

இவ்விரு தீமைகளுக்கும் மாற்றாகப் பரவியதே பழுப்பேற்றும் முறை. வேட்டைத் துப்பாக்கிகளிலே இது முன்னரே வழக்கிலிருந்தது. படைத்துறையில், 1800-ஆம் ஆண்டில் ஏற்றுக்கொள்ளப்பட்ட பேக்கர் ரைபிளின் குழல் பழுப்பேற்றப்பெற்றதாய் அமைந்தது. நெப்போலியப் போர்கள் முடிவுற்ற காலத்தை யொட்டிக் காலாட்படைத் துப்பாக்கிகளுக்கும் அம் முறை வந்து சேர்ந்தது. முறையின் தத்துவம் வியப்புக்குரியது: பகைவனாகிய துருவையே அழைத்து, அடக்கி, காவலனாக நிறுத்துவது அது. குழலின் இரு வாய்களையும் மரக்கட்டையால் அடைத்து, சுண்ணத்தூளினால் எண்ணெய்ப் பிசுக்கை முற்றும் நீக்கி, வெடியுப்புத் திராவகம், நீலத்துத்தம், இரும்புக் குளோரைடு முதலியவற்றுள் அவ்வப் பட்டறையின் சம்பிரதாயத்துக்கேற்பக் கலந்த கரைசலை மெல்லிதாகத் தடவி, ஈரம் நிறைந்த அறையில் நிறுத்திவைப்பார்கள். சில மணி நேரத்தில் மென்மையான துரு படரும். ஒட்டாது மேலே கிடக்கும் துகளைக் கம்பித் தூரிகையினால் தேய்த்து நீக்க, உலோகத்தைப் பற்றிக்கொண்ட அடர்ந்த படலம் மட்டும் எஞ்சும். இவ்வாறு பலமுறை செய்தபின் வெந்நீரில் அமிழ்த்தி வேலையை நிறுத்தி, சூடு ஆறுமுன் எண்ணெய் தடவுவார்கள். பர்மிங்காமின் துப்பாக்கித் தொழிற்பேட்டையில் இது தனியொரு தொழிலாகவே பிரிந்து, தந்தையிடமிருந்து மகன் கற்கும் இரகசியக் கலவைகளோடு நடைபெற்றுவந்தது.

இரும்புப் பட்டையையும் எஃகுப் பட்டையையும் மாறிமாறி அடுக்கி முறுக்கிக் காய்ச்சி இணைத்த டமாஸ்கஸ் குழல்கள் பர்மிங்காமிலும் பெல்ஜியத்தின் லியேஜ் நகரிலும் பெருவாரியாக உற்பத்தியாகிய காலத்தில், பழுப்பேற்றுதலுக்கு மற்றொரு பயனும் வெளிப்பட்டது. இரும்பும் எஃகும் ஒரே வேகத்தில் துருவேறுவதில்லை யாதலால், குழலின் உடலெங்கும் சுருள்சுருளான கோலம் எழுந்து, வேலையின் செம்மையையும் பட்டைகளின் இணைப்பிலுள்ள குறையையும் ஒருங்கே காட்டியது. வில்லியம் கிரீனர் மரபில் வந்த டபிள்யூ. டபிள்யூ. கிரீனர் 1881-இல் வெளியிட்ட துப்பாக்கி வளர்ச்சி பற்றிய பெருநூல், குழல் வேலையை இத்தகைய நுணுக்கங்களோடு விரித்துரைத்த நூல்களுள் தலையாயது. பின்னர் அழுத்தி வார்த்த எஃகினாலான குழல்கள் மேலோங்கியபோது, அவற்றில் கோலம் எழுவதற்கு இடமின்மையால், ஒவ்வொரு துருவேற்றத்துக்கும் பின்னர்க் கொதிநீரில் வேகவைத்துக் கருநீலமாக்கும் முறை நிலைபெற்றது. கொதிநீரின் வெப்பத்தில் செந்துரு, காந்தக்கல்லில் உள்ளது போன்ற கரிய இரும்பு ஆக்ஸைடாக மாறுகிறது. இது செந்துருவைப்போல் உதிராமல் உலோகத்தோடு ஒன்றி நிற்பது.

எனினும் இப் படலத்தைக் கவசம் என்று கருதியவர்கள் ஏமாந்தார்கள். அதன் கனம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஓரிரு பங்கே. அதனுள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் எண்ணிறந்தன. எண்ணெய் ஊறிப் பழகிய தோசைக்கல் தண்ணீரைத் தள்ளுவதும், எண்ணெய் போகத் தேய்த்த கல் மறுநாளே செம்மை படர்வதும் எவ்வாறோ, அவ்வாறே இப் படலமும் எண்ணெயைத் தாங்கிநிற்கும் வரையில்தான் குழலைக் காக்கும். நிறமும் எண்ணெயும் தனித்தனியே பலவீனமானவை. இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் பாதுகாப்பு உண்டு.

3. ஈயப் பற்றும் அதன் விளைவுகளும்

ஒற்றைக்குழலுக்கு எளிதாயிருந்தவை பல இரட்டைக்குழலுக்கு அரியவாயின; அதற்குக் காரணம் இரண்டு குழல்களையும் இணைக்கும் பட்டையேயாகும். லண்டனில் புகழுடன் விளங்கிய ஜோசப் மான்டன், குறிபார்க்கும் கண்ணுக்கு வழிகாட்டும் பொருட்டு, உயர்த்திய மேற்பட்டைக்கு 1806-இல் காப்புரிமை பெற்றார். குழல்களின் அடிப்பகுதியைப் பித்தளைப் பற்றினால் இணைத்து, மேற்பட்டையையும் கீழ்ப்பட்டையையும் நெடுகிலும் ஈயமும் வெள்ளீயமும் கலந்த மென்பற்றினால் ஒட்டுவது இரட்டைக்குழல் வேலையின் பொது வழக்கு. இக் கலவைகளுள் மிக எளிதில் உருகுவது 183 பாகை செல்ஷியஸில் உருகிவிடும். ஆகவே, அதற்குமேல் குழலைச் சூடாக்கும் எந்த முறையும் இரட்டைக்குழலுக்கு விலக்காயிற்று.

இந்த ஒரு நிபந்தனை எத்தனை முறைகளை வாயிலிலேயே தடுத்து நிறுத்தியது என்பது கருதத்தக்கது. கைத்துப்பாக்கிகளுக்கும் கடிகார உறுப்புகளுக்கும் ஒளிமிக்க நீலம் தந்த கரிச்சூட்டு முறைக்கு ஏறத்தாழ 300 பாகை வெப்பம் வேண்டும். 1870-களில் பேராசிரியர் பார்ஃப் வெளியிட்ட முறையில், செக்கச் சிவக்கக் காய்ந்த இரும்பின்மேல் மீச்சூட்டு நீராவியைச் செலுத்தி உறுதியான கரும்படலம் உண்டாக்கப்பட்டது. குழாய்களுக்கும் அடுப்புப் பலகைகளுக்கும் அது உகந்ததாயினும், ஈயப் பற்றுள்ள குழல் அவ் வெப்பத்தில் ஒரு கணமும் நில்லாது. இருபதாம் நூற்றாண்டில் காஸ்லெட் என்பார் 1906-இல் காப்புரிமை பெற்றதும், பின்பு அமெரிக்காவில் பார்க்கர் பெயரால் பரவியதுமான பாஸ்பேட் முறையோ, போர்க்கருவிகளுக்கு ஏற்ற சொரசொரப்பான சாம்பல் நிறம் தருவதாகையால், நேர்த்தியை உயிராகக் கருதிய வேட்டைத் துப்பாக்கிப் பட்டறைகளின் மனத்தைக் கவரவில்லை.

இவற்றுள் மிகவும் ஏமாற்றியது 1930-களில் தொழிற்சாலைகளிலே பரவிய காரக் கருமை முறையாகும். சோடியம் ஹைட்ராக்ஸைடும் சோடியம் நைட்ரேட்டும் செறிந்த கரைசலை ஏறத்தாழ 140 பாகையில் கொதிக்கவைத்து அதில் இரும்பை அமிழ்த்தினால், நாட்கணக்கில் நடந்த வேலை அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். 140 என்பது 183-க்குக் குறைந்ததுதானே என்று எண்ணி இரட்டைக்குழல்களையும் அதில் இட்டவர்கள் உண்டு. ஆனால் அங்கே பற்றை அழித்தது வெப்பம் அன்று. ஈயத்தையும் வெள்ளீயத்தையும் கரைக்கும் இயல்பு கடுங்காரத்துக்கு உண்டு. பற்று நெகிழ்ந்த இடைவெளியில் புகுந்து தங்கிய உப்பு, காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துக்கொண்டு, வாரங்கள் கழிந்தபின் பட்டையின் ஓரங்களில் கசிந்து, மூடிய பட்டைக்கு உட்புறத்தில் கண்ணுக்குத் தெரியாமல் குழலை அரித்தது. இவ் வனுபவத்தின் பயனாகவே, விரைவு எங்கும் வெற்றிபெற்ற இக் காலத்திலும் நல்ல இரட்டைக்குழல்களுக்கு மெதுவான துருவேற்று முறையே இன்றளவும் விதியாக நிற்கிறது. பட்டையின் உறுதியைக் கண்டறியக் குழல்களைக் கொக்கியில் தொங்கவிட்டுத் தட்டிப்பார்ப்பது பட்டறை வழக்கம். பற்று முழுமையாயிருப்பின் மணியோசை நீண்டு ஒலிக்கும். நெகிழ்ந்திருப்பின் ஓசை மழுங்கிக் கரகரக்கும்.

4. குழலின் உட்புறம்: கருமருந்தும் வெந்நீரும்

இதுவரை கூறியவை வெளிப்புறத்தைப் பற்றியன. உட்புறத்தின் வரலாறோ முற்றிலும் வேறானது. அங்கே ஈரம் வானிலிருந்து மட்டும் வருவதில்லை, வெடிமருந்தின் எச்சமே அதனை அழைத்துக்கொள்கிறது. வெடியுப்பு 75 பங்கும், கரி 15 பங்கும், கந்தகம் 10 பங்குமாகச் சேர்ந்த கருமருந்து எரியும்போது, அதன் எடையில் பாதிக்கு மேற்பட்டது வாயுவாகாமல் திடப்பொருளாகவே எஞ்சுகிறது என்பதை ஆண்ட்ரூ நோபிளும் ஃபிரெடரிக் ஏபலும் 1875-இல் வெளியிட்ட ஆராய்ச்சி நிறுவியது. பொட்டாசியத்தின் கார்பனேட்டும் சல்பேட்டும் சல்பைடுமாகிய அவ் வெச்சம் ஈரத்தை விரும்பி உறிஞ்சுவது. ஓரிரவு குழலில் கிடந்தால் கருஞ்சேறாகி நாற்றமெடுக்கும்.

ஆயினும் அதே எச்சம் தண்ணீரில் எளிதிற் கரைவது என்பது வேட்டைக்காரனின் நற்பேறு. அடிக்கட்டையிலிருந்து கழற்றிய குழல்களின் அடிப்புறத்தை வாளித் தண்ணீரில் நிறுத்தி, சணற்கூளம் சுற்றிய கோலால் பீச்சாங்குழல் இழுப்பதுபோல் தண்ணீரை உள்ளிழுத்தும் வெளித்தள்ளியும் அலசுவார்கள், இறுதியில் கொதிநீர் ஊற்றினால், இரும்பே சூடேறித் தன் ஈரத்தைத் தானே உலர்த்திக்கொள்ளும், பின்பு எண்ணெய். ஹாம்ப்ஷயரின் கடலோரக் கீஹேவனில் நீர்ப்பறவை வேட்டையாடிப் புகழ்பெற்றவரும், 1814-இல் இளம் வேட்டைக்காரர்களுக்கென்று அறிவுரை நூல் வெளியிட்டவருமான கர்னல் பீட்டர் ஹாக்கரின் தலைமுறையினர் உவர்நீரும் கருமருந்தும் ஒருங்கே தாக்கிய குழல்களைக் காப்பாற்றிக்கொண்டது இந்த எளிய முறையினாலேதான்.

1807-இல் ஸ்காட்லாந்தின் பெல்ஹெல்வி என்னும் ஊரில் குருவாயிருந்த அலெக்ஸாண்டர் ஜான் ஃபார்ஸைத், தட்டினால் வெடிக்கும் இரசாயனத்தைக் கொண்டு மருந்தைப் பற்றவைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். சக்கிமுக்கிக் கல்லின் பொறி மழையில் தவறும் என்னும் குறை இதனால் நீங்கியது. ஆனால் மழையை வென்ற அக் கண்டுபிடிப்பே குழலினுள் ஒரு புதிய ஈரத்தைக் குடியேற்றியது. இம் முறையின் வழிவந்ததும் மருந்தைப் பற்றவைப்பதுமான சிறு கிண்ணமாகிய வெடிகேப்பில் சேர்க்கப்பட்ட பொட்டாசியம் குளோரேட், வெடித்தபின் பிராணவாயுவை இழந்து பொட்டாசியம் குளோரைடாகக் குழலில் படிகிறது; அது கடலுப்பின் உடன்பிறப்பு. அக் காலத்திலேயே, குளோரேட் சேர்ந்த கேப்புகள் துருவை விளைப்பதை அறிந்து, பாதரச வெடிப்பொருளைக் கொண்டு செய்த கேப்புகளைத் துருவிளைக்காதவை என்று விளம்பரம் செய்தவர்கள் இருந்தார்கள். ஆயினும் கருமருந்து நிலவிய வரையில் இத் தீமை பெரிதும் மறைந்தே கிடந்தது. ஏனெனில் கருமருந்தின் ஏராளமான எச்சத்தோடு கலந்த அச் சிற்றளவு உப்பு, எச்சத்தைக் கழுவிய அதே வெந்நீரில் தானும் கரைந்து வெளியேறிற்று.

5. எண்ணெய் தோற்ற இடம்

1851-ஆம் ஆண்டு லண்டன் பெருங்கண்காட்சியில் பிரெஞ்சுக்காரரான லெஃபோஷேயின் பின்வழி ஏற்றும் துப்பாக்கி காட்சியளித்தது முதல், இங்கிலாந்தின் பட்டறைகள் மடக்கித் திறக்கும் குழலை நோக்கித் திரும்பின. இம் மாற்றம் குழற்பாதுகாப்புக்குச் செய்த உதவி பெரிது: அதுவரை இருண்ட கிணறாயிருந்த குழலின் உட்புறத்தை இருபுறமும் திறந்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தல் இயன்றது. பார்க்க இயன்ற அக் காலத்தில்தான், பார்த்தும் காரணம் விளங்காத ஒரு நோய் தோன்றியது.

பிரஷ்யப் பீரங்கிப்படை அதிகாரியான ஷுல்ட்ஸே 1860-களில் மரத்திலிருந்து ஆக்கிய புகை குறைந்த மருந்து, ஹாம்ப்ஷயரின் நியூ ஃபாரஸ்ட் காட்டில் ஐவொர்த் என்னுமிடத்தில் உற்பத்தியாகி, வேட்டைக்காரரிடையே பரவலாயிற்று. புகையில்லை, சேறில்லை, சுட்டபின் துணியால் ஒருமுறை துடைத்தால் குழல் கண்ணாடிபோல் விளங்குகிறது. இனி வாளியும் வெந்நீரும் எதற்கு என்று பலரும் எண்ணினர். துடைத்து, எண்ணெய் தடவி, பெட்டியில் வைத்தனர். சில நாட்கள் கழித்துத் திறந்தபோது குழலுக்குள் துருப்புள்ளிகளைக் கண்டு திகைத்தனர். மறுபடி துடைத்தாலும் மறுபடி தோன்றிற்று. புதிய மருந்தில் எஞ்சிய அமிலமே காரணம் என்று ஒரு சாராரும், எஃகின் நுண்துளைகளில் அடைபட்ட வாயு பின்னர் வியர்க்கின்றது என்று மற்றொரு சாராரும் கருதியதால், அமிலத்தை முறிக்கும் காரங்கள் கலந்த துப்புரவு எண்ணெய்கள் சந்தையில் பெருகின.

அரை நூற்றாண்டுக்குமேல் தீராதிருந்த இவ் விவகாரத்தை அமெரிக்கச் சுரங்கத்துறையைச் சேர்ந்த வில்பர்ட் ஹஃப் 1922-இல் வெளியிட்ட ஆராய்ச்சி தெளிவுபடுத்தியது. குற்றவாளி மருந்து அன்று, கேப்பில் உள்ள குளோரேட்டிலிருந்து பிறந்த பொட்டாசியம் குளோரைடே என்பதையும், அவ் வுப்பு எண்ணெயில் கரையாதாகையால் அதன்மேல் எத்தனை எண்ணெய் தடவினும் படலத்துக்கு அடியில் அரிப்பு தொடர்கிறது என்பதையும், தண்ணீரே அதற்குற்ற மருந்து என்பதையும் அவர் காட்டினார். ஈரத்துக்கு அஞ்சித் தண்ணீரைத் துறந்தவன் குழலைத் துருவுக்குக் கொடுத்தான். தண்ணீர்விட்டு அலசிய பாட்டன் குழலைக் காத்தான். பாட்டனுக்குக் குளோரைடு இன்னதென்று தெரியாது. அவன் கருமருந்துச் சேற்றுக்காகச் செய்த காரியம் இவ் வுப்பையும் தற்செயலாகப் போக்கியது. ஒரு சம்பிரதாயம் எதற்காகத் தோன்றியதோ அக் காரணம் நீங்கியதும் அதனைக் கைவிடுவது அறிவுடைமையாகத் தோன்றும். ஆனால் அது வேறொரு காரியத்தையும் சேர்த்துச் செய்துவந்தது என்பதைக் கைவிட்ட பின்னரே உணர்கிறோம்.

நோயின் மூலம் தெரிந்தபின் அதனை மூலத்திலேயே நீக்குதல் எளிதாயிற்று. 1928-இல் ஜெர்மனியின் ஆர். டபிள்யூ. எஸ். நிறுவனத்தார் சினாக்ஸிட் என்னும் பெயரில் வெளியிட்ட கேப்புக் கலவை, குளோரேட்டுக்கு மாறாகப் பேரியம் நைட்ரேட்டைக் கொண்டது. இத்தகைய கலவைகள் பரவிய பின்னர், உட்புறத் துரு என்பது பெரும்பாலும் மழையையும் அசட்டையையும் சார்ந்ததாகச் சுருங்கிற்று. பின்னாளில் பல நாட்டுத் தொழிற்சாலைகள் குழலின் உட்புறத்துக்குக் குரோமிய முலாம் பூசியது இதன் இறுதிப் படி.

6. எண்ணெய்களும் உலர்ந்த காற்றும்

எண்ணெயின் வரலாற்றையும் சுருங்கக் காண்போம். தொடக்கத்தில் வழங்கிய ஆலிவ் எண்ணெயும் விலங்குக் கொழுப்பும் நாட்பட நாட்படச் சிக்கடைந்து, அமிலத்தன்மை பெற்று, காக்க வேண்டிய உலோகத்தையே தாக்கின. திமிங்கிலத்தின் தலையினின்று எடுத்த எண்ணெய் இவற்றினும் மேலானதாயினும் விலைமிக்கது. இச் சந்தர்ப்பத்தில் மண்ணெண்ணெய்க் குலத்தைச் சேர்ந்த எண்ணெய்கள் வந்தது பெரும் திருப்பமாயிற்று. அவை காற்றினால் சிக்கடைவதில்லை. பர்மாவின் எனாங்யாவுங் கிணறுகளில் ஊறிய எண்ணெய், ரங்கூன் எண்ணெய் என்னும் பெயரோடு ஆங்கிலேயரின் துப்பாக்கிப் பெட்டிகளிலே குப்பியாக இடம்பெற்றது. அமெரிக்கரான செஸ்பரோ 1872-இல் காப்புரிமை பெற்ற வாஸ்லின், நெடுநாள் சேமிப்புக்கு உதவிற்று. 1905-ஐ ஒட்டி ஜெர்மானியப் படைக்கென ஹெல்முட் கிளேவர் ஆக்கிய பாலிஸ்டால், தண்ணீரோடு கலந்து பாலாகும் இயல்பினால், எண்ணெய்க்கும் நீருக்கும் இருந்த பகையைத் தணித்தது.

மற்றொரு சிந்தனை, குழலை விட்டுக் காற்றின்மேற் சென்றது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ நூற்றுக்கு 60 என்னும் எல்லையைக் கடந்ததும் இரும்பின் துருவேற்றம் திடீரென மிகுவதை 1920-களிலும் 30-களிலும் வெர்னன் என்னும் ஆங்கில அறிஞர் ஆராய்ந்து விளக்கினார். பெட்டிக்குள் காற்றை உலர்த்தும் சிலிக்கா ஜெல் 1919-இல் காப்புரிமை பெற்று, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெருவழக்குற்றது. காகிதத்திலிருந்து ஆவியாகி உலோகத்தின்மேல் படிந்து காக்கும் இரசாயனங்கள் 1940-களில் தோன்றின. வெல்வெட்டும் கம்பளியும் தைத்த அழகிய தோலுறைகள் ஈரத்தை உறிஞ்சி வைத்திருப்பதால், வேட்டைக்கு எடுத்துச் செல்ல உதவுமேயன்றிச் சேமித்துவைக்க உதவா என்னும் பழைய அனுபவத்துக்கும் இவ் வாராய்ச்சியே விளக்கம் தந்தது.

7. முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து பெறப்படும் முதல் முடிபு, நிறமேற்றிய படலத்தைத் துருவுக்குப் புறம்பானதாகக் கருதுதல் பிழை என்பதாகும். அதுவும் இரும்பின் ஆக்ஸைடே. ஆதலின் துருவைக் கரைக்கும் எந்த அமிலமும் அதனையும் கரைக்கும். புள்ளித் துருவைப் போக்குவதற்குப் பாஸ்பாரிக் அமிலம் சேர்ந்த மருந்தைப் பூசியவர் துருவோடு நிறத்தையும் இழந்து, வெளுத்த இடத்தில் செலீனியம் சேர்ந்த குளிர்க்கருமைக் கரைசலைத் தடவி மறைக்க முயல்வர். அது கண்ணை நிறைக்குமேயன்றி எண்ணெயைப் பிடித்துவைக்கும் ஆற்றலில் பழைய படலத்துக்கு ஈடாகாது. மெல்லிய எண்ணெயில் ஊறவைத்து, மென்மையான பொருளால் மெல்லத் தேய்த்தெடுப்பதே நிறத்துக்குத் தீங்கற்ற வழியென்று பட்டறைகள் கூறுவது இதனாலேதான்.

இரண்டாவது முடிபு, அளவைப் பற்றியது. எண்ணெய் மிகுதியும் தீமையே. நிமிர்த்திவைத்த குழலில் வழிந்த எண்ணெய் அடிக்கட்டையின் மரத்தை ஊறவைத்து நெகிழ்விப்பதால், குழல்வாய் கீழ்நோக்க நிறுத்திவைக்கும் வழக்கம் எழுந்தது. மூன்றாவதும் தலையாயதுமான முடிபு, செய்முறைகளின் வரிசையைப் பற்றியது: முதலில் உப்பையும் எச்சத்தையும் நீரால் நீக்குதல், பின்பு வெப்பத்தால் ஈரத்தை நீக்குதல், அதன் பின்னரே எண்ணெயால் மூடுதல். இவ் வரிசையில் ஒன்றை விட்டாலும் முன்பின்னாக மாற்றினாலும், எண்ணெய் என்னும் காவலன் பகைவனை உள்ளே வைத்தே கதவைத் தாழிடுகிறான். கருமருந்துக் காலத்துத் தொழிலாளி இரசாயனம் அறியாமலே கைக்கொண்ட வரிசையும், இருபதாம் நூற்றாண்டின் ஆராய்ச்சிசாலை காரணம் கண்டு வகுத்த வரிசையும் ஒன்றே. இடைப்பட்ட காலத்தில் அழிந்த குழல்களுக்குக் காரணம் அறிவின் குறைவு என்பதைவிட, புதிய மருந்தின் தூய்மையைக் கண்ணால் கண்டதும் பழைய செயலின் பயனை ஆராயாமலே அதனைக் கைவிட்ட அவசரம் என்பதே பொருந்தும்.